இடப்பக்கத்து மணி

துலூஸ்,
12 ஏப்ரல் 2008

அன்புத் தங்கை ஆர்லெத்துக்கு,

நான், உன் அண்ணி, குழந்தை கிளோயே மூவரும் இங்கே சுகம். குளிர் விட்டு ஒரு வாரமாகிறது. உன் உடம்பு எப்படி? போன கடிதத்தில் தலை சுற்றுகிறது என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாய்.

தலத்தெரு ஜெய்னுலாபுதீன் பாய் ஊருக்கு வருகிறார். அவர் கையில் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். அப்பா தன் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா பென்ஷனில் 93-ல் வாங்கிய கம்ப்யூட்டரில் நாம் ஆடிய கப்பல் விளையாட்டு ஞாபகம் இருக்கும். தொடங்கும்போது எந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். அதில் எம்.டி-32 என்று ஒரு பெயர் இருக்கும். நம்மிடம் அது இல்லாததால் கம்ப்யூட்டரின் கீச்சுச் சத்தத்திலேயே கடைசிவரை ஆடினோம். அந்த எம்.டி-32 தான் இது. கம்ப்யூட்டர் இசைக்குறிப்பை மட்டும் அனுப்பும், வாசிப்பது இந்தப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒரு பெரியவர் இதை சூப் தட்டுகளுக்கு நடுவில் வைத்திருந்தார்.

இதற்கு நாலு வருஷம் பின்னால் வந்த சவுண்ட் கேன்வாஸ் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டில் எது மேல் என்று இங்கே பழைய விளையாட்டுப் பைத்தியங்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கடல் இரைச்சலுக்குள்ளிருந்து ஆள் குரலைப் பிரித்தெடுத்து எழுதுகிறவள் நீ. படகுச் சங்கத்து வயர்லெஸ் அறையில் ஒன்பது வருஷம் பழகிய காது தீர்ப்புச் சொல்லட்டும். என் பெட்டி வாசிப்பதைக் கேசட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், ஹெட்போன் போட்டுக் கேள். கம்ப்யூட்டரில் செருக வேண்டிய அட்டையும் உள்ளே இருக்கிறது. எப்படிச் செருகுவது என்று படம் வரைந்திருக்கிறேன்.

தலைசுற்றலுக்கு டாக்டரைப் பார்.

அன்புடன் அண்ணன்,
சார்ல்

கோவில்பத்து, காரைக்கால்,
14 மே 2008

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதா புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். அண்ணியையும் கிளோயேவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். தலைசுற்றல் வெயிலால்தான், வேறொன்றுமில்லை.

பாய் பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில் கிடக்கிறது, எனக்கும் வேலை இல்லை. இரண்டு நாள் போராடி அட்டையைச் செருகினேன். விளையாட்டு தொடங்கியதும் பெட்டியின் சின்னக் கண்ணாடியில் மாலுமியை வரவேற்று எழுத்து ஓடியது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

தீர்ப்பு கேட்டீர்கள். பியானோ, குழல், பறை இதிலெல்லாம் உங்கள் சவுண்ட் கேன்வாஸ்தான். குழல் என்றால் குழலாகவே கேட்கிறது. ஆனால் அலை மோதுவது, பாய்மரக் கயிறு முறுகுவது, குகைக்குள் காற்று நுழைவது இதெல்லாம் வரும்போது எம்.டி-32 பக்கத்தில் உங்கள் பெட்டி நிற்க முடியாது. உலகத்தில் இல்லாத வாத்தியத்தை அது தானே உண்டாக்கி வாசிக்கிறது. விளையாட்டை எழுதியவர்கள் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பனிமூட்டத் துறைமுகம் வருமே, அங்கே உங்கள் கேசட்டில் மிதவை மணி அடிக்கிறது. என் பெட்டியில் மணியே இல்லை. பழைய பெட்டி, அதற்கு மணி தெரியாது போலிருக்கிறது.

போன் செய்ய வேண்டாம், லைனில் ஒரே இரைச்சல். கடிதமே எழுதுங்கள்.

தங்கள் தங்கை,
ஆர்லெத்

துலூஸ்,
29 மே 2008

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் தீர்ப்பை இங்கே நாலு பேருக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன், ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் மணி விஷயம் இடிக்கிறது. அனுப்புவதற்கு முன் அந்தப் பெட்டியில் நானே கேட்டேன், இடப்பக்கம் கணீரென்று அடித்தது. சவுண்ட் கேன்வாஸில் அதே மணி வலப்பக்கம் வரும். இந்த இரண்டு பெட்டிகளுக்கும் இடமும் வலமும் நேர் எதிர், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வழியில் அடிபட்டு இடப்பக்க வாய் பழுதாகியிருக்கலாம். இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகிப் பார். உன் பெட்டி வாசிப்பதையும் ஒரு கேசட்டில் எடுத்து அனுப்பு, எங்கே கோளாறு என்று நான் கண்டுபிடிக்கிறேன்.

டாக்டரிடம் போனாயா இல்லையா?

அண்ணன்,
சார்ல்

கோவில்பத்து,
3 ஜூலை 2008

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல்.

ஒயரை மாற்றிச் செருகினேன். ஒன்றும் மாறவில்லை. கேசட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

தடை முடிந்து படகெல்லாம் கடலில் இருக்கிறது. மூச்சுவிட நேரமில்லை. கிளிஞ்சல்மேட்டு அருள்மணியின் பெண்சாதி பூங்கொடி தினமும் காலையில் மீன்கூடையோடு வயர்லெஸ் அறை ஜன்னலில் வந்து நிற்பாள். “எங்க வூட்டு ஆளு பேசுச்சாக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போவாள். நேற்று, “என்னக்கா, ரிசீவரக் கைமாத்திப் புடிக்கிறீங்க?” என்றாள். தோள் வலி என்றேன். அவளுக்கு எல்லாவற்றிலும் கண்.

வேறு விசேஷமில்லை.

தங்கை,
ஆர்லெத்

துலூஸ்,
22 ஜூலை 2008

ஆர்லெத்,

கேசட் வந்தது. மணி இருக்கிறது.

மூன்று முறை கேட்டேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் கிளோயேவுக்கு ஹெட்போனை மாட்டி, மணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டேன். இடது காதைத் தொட்டுக் காட்டினாள். பெட்டியிலும் கோளாறு இல்லை, ஒயரிலும் இல்லை.

ஹெட்போனைத் திருப்பிப் போட்டுக் கேள். இடது குமிழ் வலது காதில் வரட்டும். மணி கேட்கிறதா, இல்லையா? ஒரே ஒரு சொல் எழுது, போதும்.

சார்ல்

கோவில்பத்து,
9 செப்டம்பர் 2008

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேளாங்கண்ணித் திருவிழா நேற்றுத்தான் முடிந்தது. நம் தெரு வழியாக நடைப்பயணம் போனவர்களுக்கு மூன்று நாள் மோர் ஊற்றினோம். கிளோயே பெயரிலும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆற்றில் தண்ணீர் வந்து நெடுங்காட்டுப் பக்கம் நடவு நடக்கிறது. மாடி ஓடு இரண்டு உடைந்து மாற்றினேன். பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி மகளுக்குச் சிதம்பரத்தில் வரன் அமைந்திருக்கிறது, தை மாதம் கல்யாணம்.

விளையாட்டுக்கு நேரமில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். நீங்கள் வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

தங்கை,
ஆர்லெத்

துலூஸ்,
23 செப்டம்பர் 2008

ஆர்லெத்,

திருவிழா, நடவு, ஓடு, வரன் எல்லாம் படித்தேன். நான் கேட்ட ஒரு சொல் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேனே. “அண்ணன் பேசறேன்” என்றேன். “யாரு” என்றாய். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் “யாரு”. அப்புறம் ரிசீவர் எதிலோ இடிபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சொல் விடாமல் சரியாகப் பதில் சொன்னாய். எந்தக் காதிலிருந்து எந்தக் காதுக்கு மாற்றினாய் என்று எனக்குத் தெரியும்.

வேலைக்கு நடுவில் சும்மா நின்றுவிடுகிறேன், மேஸ்திரி திட்டுகிறார். பயமாக இருக்கிறது. உனக்காக மட்டும் இல்லை. உன் காதை நம்பிக் கடலில் ஆட்கள் இருக்கிறார்கள்.

எழுது.

சார்ல்

கோவில்பத்து,
4 டிசம்பர் 2008

அண்ணா,

நலம் எழுத மனம் வரவில்லை, மன்னியுங்கள்.

மணி கேட்டது. நீங்கள் சொல்வதற்கு முன்பே, மே மாதமே ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். வலது காதில் நன்றாக அடித்தது. ஒயரை மாற்றியபோதும் அடித்தது. ஒன்றும் மாறவில்லை என்று எழுதியது பொய். அதற்கும் ஒரு வருஷம் முன்னாலிருந்தே இடது காதில் எல்லோரும் அடுத்த வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். உள்ளே ரைஸ்மில் ஓடுவது போல் ஓயாத சத்தம். காது போனவளை வயர்லெஸ்ஸில் யார் வைத்துக்கொள்வார்கள்? எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? வலது காது இருக்கிறதே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நவம்பர் 18 காலை ஆறரை மணிக்கு நல்ல மழை. முந்தின நாளே எச்சரிக்கை கொடுத்து எல்லாப் படகையும் கூப்பிட்டாயிற்று, அருள்மணி படகு மட்டும் வரவில்லை. வயர்லெஸ் கூப்பிட்டது. வலது கையில் பேனா இருந்தது. அவசரத்தில் ஒன்பது வருஷப் பழக்கம் வந்துவிட்டது, ரிசீவரை இடது காதில் வைத்துவிட்டேன். குரல் வருகிறது, சொல் வரவில்லை. காதை மாற்றுவதற்குள் அவன் இடத்தைச் சொல்லி முடித்துவிட்டான். “...பத்தொண்ணு” என்ற வால் மட்டும்தான் விழுந்தது. “எஞ்சின் நின்னு போச்சுக்கா, தண்ணி ஏறுது” என்றான். “எத்தன அருள்மணி? திருப்பிச் சொல்லு” என்றேன். செட்டு அடங்கிப்போயிற்று.

அட்சரேகை எண் ஐம்பத்தொன்றா, நாற்பத்தொன்றா? கடலில் அது வடக்கு தெற்காகப் பத்து மைல். முந்தின நாள் நம் படகுகள் ஐம்பத்தொன்றில்தான் வலை விட்டிருந்தன. ஐம்பத்தொன்று என்று எழுதினேன். சங்கச் செயலாளர் கோவிந்தராசு நனைந்துகொண்டே வந்தார். “சரியாக் கேட்டீங்களாம்மா?” என்றார். “கேட்டேங்க” என்றேன்.

சந்தேகம் என்று சொல்லியிருந்தால் இரண்டு படகு தெற்கே போயிருக்கும். சொன்னால், ஏன் சந்தேகம் என்று கேட்பார்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன் அண்ணா.

தேடப் போன நாலு படகும் ஐம்பத்தொன்றுக்கே போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பின. மறுநாளும் அப்படியே. பூங்கொடி அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. சோறு கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் வேண்டாம் என்று கையாட்டினாள். “கடைசியா ஒங்க காதுலதானக்கா பேசுச்சு. கொரலு தெம்பாத்தான இருந்துச்சு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் தலையாட்டினேன். செட்டு சும்மா கரகரத்தால்கூட இரண்டு பேரும் பதறி எழுந்தோம்.

மூன்றாம் நாள் கோடியக்கரைக்கு வெளியே வேதாரண்யத்துக்காரர்கள் படகைக் கண்டு இழுத்துவந்தார்கள். ஆறு பேருக்கும் உயிர் இருந்தது. சுந்தரமூர்த்தி என்று ஒரு வயதானவர், அவருக்கு இரண்டு நாள் பேச்சே வரவில்லை. அருள்மணி உப்புத்தண்ணீரைக் குடித்து சிறுநீரகம் கெட்டுப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாற்பத்தொன்று என்றுதான் சொன்னானாம். மழையில் தப்பாக விழுந்திருக்கும், பாவம் அந்தப் பொம்பளை என்ன செய்யும் என்று எனக்காக எல்லோரும் பேசுகிறார்கள்.

நான் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆர்லெத்

துலூஸ்,
15 டிசம்பர் 2008

என் தங்கச்சிக்கு,

கடிதத்தை ரயில் பணிமனையில் நின்றுகொண்டே படித்தேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஜூலையிலேயே எனக்குத் தெரியும். கோவிந்தராசுவுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். உன் வேலை போய்விடுமே, ஊரில் தனியாக இருக்கிறவள் என்ன செய்வாள் என்று நானும்தான் பயந்தேன். நாலு மாதம் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு சும்மா இருந்தேன்.

இதைப் படித்த நிமிஷமே அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடு. கோவிந்தராசுவிடம் சொல். பூங்கொடியிடமும் நீயே போய்ச் சொல், வேறு வாய் வழியாக அவளுக்குப் போகக் கூடாது. பிறகு டாக்டரிடம் போ. காது மட்டுமென்றால் பரவாயில்லை. தலைசுற்றலும் சேர்ந்து வருகிறதே, அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்.

நீ என்ன செய்தாலும் நான் உன் அண்ணன்தான்.

சார்ல்

கோவில்பத்து,
21 ஜனவரி 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சொல்லிவிட்டேன். கோவிந்தராசு முழுதும் கேட்டார். கடைசியில், “ரூம் சாவிய மேசமேல வச்சிட்டுப் போங்கம்மா” என்றார். வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து, “மொதல்ல ஒடம்பப் பாருங்க” என்றார்.

அங்கிருந்து கிளிஞ்சல்மேட்டுக்கு நடந்தேன். பூங்கொடி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அருள்மணி உள்ளே படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே மணை எடுத்துப் போட்டாள். நின்றுகொண்டே சொன்னேன். அவள் கை ஓடவில்லை.

“ரெண்டு நாளு. ரெண்டு நாளும் ஒங்க மொகத்தையே பாத்துட்டு நின்னேனேக்கா.”

“ஆமா பூங்கொடி.”

“அப்பக்கூட சொல்லத் தோணலயா?”

“தோணுச்சு. பயமா இருந்துச்சு.”

“எனக்கும்தான் பயமா இருந்துச்சு” என்றாள். மறுபடியும் மீனை எடுத்து ஆய ஆரம்பித்தாள். “போங்கக்கா” என்றாள். வந்துவிட்டேன்.

டாக்டர் திருஞானசம்பந்தம் காதைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூருக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி இருக்கிறது. நெல்லிக்காய் அளவு. புற்று இல்லை என்கிறார். ஆனால் விட்டுவைத்தால் மூளையை அழுத்தும், எடுத்தே ஆக வேண்டும். புதுச்சேரியில் மார்ச் மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். இடது காது திரும்பாது. அதை ஒட்டித்தான் முகத்தை அசைக்கும் நரம்பு போகிறதாம், அதற்கும் உத்தரவாதம் இல்லை.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு உருண்டை. இவ்வளவு நாளும் அதுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கூட ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள்.

தங்கை,
ஆர்லெத்

துலூஸ்,
3 பிப்ரவரி 2009

ஆர்லெத்,

மார்ச் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்கிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் லீவு தர மாட்டேன் என்கிறார்கள். நான் வரும்வரை தனியாகப் படி ஏறாதே, கிணற்றடிக்குப் போகாதே. ராத்திரிக்குக் கல்யாணசுந்தரியைத் துணைக்குப் படுக்கச் சொல்.

கிளோயே உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன்.

சார்ல்

புதுச்சேரி,
24 பிப்ரவரி 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

பிழைத்துக்கொண்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நீங்கள் வந்ததும் கையில் கொடுப்பேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். கோடு வளைந்து போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் தேதி வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டேன். டாக்டர் புதுச்சேரிக்குப் போன் போட்டுப் பேசினார். மார்ச் வரை வைத்திருக்க முடியாது, ஒரு வாரத்துக்குள் வரச் சொல் என்றார்களாம். கல்யாணசுந்தரிக்கு மகள் வீட்டில் வேலை. ஆள் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டு, பதினைந்தாம் தேதி பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றேன். பூங்கொடி வந்தாள். அவள் கையிலும் ஒரு பை இருந்தது. கோவிந்தராசு சொல்லியிருக்கிறார்.

“ஒங்க மேல இருக்குற கோவம் போவலக்கா” என்றாள். “அது இருக்கட்டும். ஆளு இல்லன்னா சேத்துக்க மாட்டாங்களாமே.” என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் போய் இடம் பிடித்தாள். அருள்மணி மறுபடியும் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்று மட்டும் வழியில் ஒருமுறை சொன்னாள்.

ஆஸ்பத்திரிப் பாரத்தில் கையெழுத்து வாங்கும்போது, நோயாளிக்கு நீங்க என்ன உறவு என்று நர்ஸ் கேட்டாள். பூங்கொடி கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரே ஊருங்க” என்றாள். அதையே எழுதிக்கொண்டார்கள்.

பதினேழாம் தேதி ஆபரேஷன், ஒன்பது மணி நேரம் ஆயிற்றாம். கட்டியை எடுத்துவிட்டார்கள். முகத்தின் இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது, கண் மூடவில்லை. ஆறு மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள். பார்த்ததும் திடுக்கிடாதீர்கள் அண்ணா, அதற்காகத்தான் முன்னாலேயே சொல்கிறேன்.

மறுநாள் எப்போது கண் விழித்தேன் என்று தெரியவில்லை. வெளிச்சம் இருந்தது. வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். எதிரே பூங்கொடி உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் அசைந்தது, எனக்குச் சத்தமே வரவில்லை. பின்னால் நர்ஸ் ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள், அதற்கும் சத்தமில்லை. அந்த ரைஸ்மில் இரைச்சல் மட்டும் தலை முழுக்க ஓடியது. இரண்டு காதையும் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கத்தினேனோ என்னவோ தெரியாது, என் குரலும் எனக்குக் கேட்கவில்லை. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன். வயர்லெஸ் அறையில் பட்ட பயமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பூங்கொடி என் முகத்தையே பார்த்தாள். எழுந்தாள். நல்ல காது தலையணைக்குள் புதைந்து கிடப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு கையை என் கழுத்துக்கு அடியில் கொடுத்து, தலையை மெதுவாகத் தூக்கி, மறு கையால் தலையணையை விலக்கினாள். பிறகு கட்டில் ஓரத்தில் முட்டிபோட்டு, வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

“இப்ப கேக்குதாக்கா?”

“கேக்குது” என்றேன்.

தங்கை,
ஆர்லெத்